அவதூறு வழக்கும் ஆட்சியாளரும்: எய்ட்கன் வழக்கைக் குறித்து ஒரு விளக்கம்

பொதுவாழ்வில் இருக்கும் ஒருவரைப் பற்றித் தொலைக்காட்சியிலோ வானொலியிலோ குற்றச்சாட்டு ஒன்று வெளிவரும்போது, அவர் உடனே "மானநஷ்ட வழக்குத் தொடுப்பேன்" என்று அறிவிப்பது, எந்நாட்டிலும் நாம் கேட்டுப் பழகிய செய்தியாகும். இவ்வறிவிப்பு சிலருடைய வாயில் உண்மையான வேதனையின் குரலாக இருக்கிறது. வேறு சிலருடைய வாயில் வாயடைப்பதற்கான மிரட்டலாக இருக்கிறது. வெளியே நின்று கேட்கும் நமக்கோ இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. வழக்கு மெய்யாகவே நீதிமன்றத்தை எட்டி, ஆவணங்கள் மேசைமீது விரிக்கப்படும்போதுதான் வேறுபாடு புலனாகிறது. அவ்வாறு கடைசிவரை சென்ற வழக்குகள் சிலவே. அவற்றுள் இங்கிலாந்தின் அமைச்சராயிருந்த ஜானத்தன் எய்ட்கன், கிரனடா தொலைக்காட்சி நிறுவனத்தின்மீதும் 'கார்டியன்' நாளிதழின்மீதும் தொடுத்த வழக்கை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளுகிறோம். அவ்வழக்கின் வாதி பிற்காலத்தில் இறையியல் மாணவராகி, இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவும் ஆனவர் என்பதால், அது நமது வாசகர்களின் கவனத்திற்குத் தனிப்பட்ட முறையில் உரியதாகிறது.

முதலாவது, சட்டம் என்ன சொல்லுகிறது என்று காண்போம். ஆங்கிலச் சட்டம் அவதூறை இரு வகையாகப் பிரிக்கிறது. எழுத்து, அச்சு முதலிய நிலையான வடிவில் வருவது ஒன்று; வாய்ச்சொல்லாய்ப் பேசி மறைவது மற்றொன்று. பின்னதில், தமக்கு நேர்ந்த நஷ்டம் இன்னதென்று வாதி பெரும்பாலும் மெய்ப்பிக்க வேண்டும். முன்னதில் அத்தேவை நெடுங்காலம் இருந்ததில்லை. காற்றில் கலந்துபோகும் வானொலிப் பேச்சு எவ்வகையைச் சேர்ந்தது என்ற ஐயத்தை 1952ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் தீர்த்தது. ஒலிபரப்பும் நிலையான வடிவில் வெளியிடப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. ஆகவே தொலைக்காட்சி நிறுவனம் பத்திரிகையின் அதே பாரத்தைச் சுமக்கிறது.

அப்பாரம் எத்தகையது? குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டுகிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அவதூறு வழக்கிலோ நிலைமை தலைகீழாகிறது. வாதியின் நற்பெயர் களங்கமற்றது, கூறப்பட்டது பொய் என்று சட்டம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளுகிறது. தான் கூறியது உண்மை என்று நிலைநாட்டும் கடமை பிரதிவாதியின் தலைமேல் விழுகிறது. செய்தியாளர் ஒருவர் ஒன்றை அறிந்திருப்பது வேறு. அதை நீதிமன்றத்தில் சாட்சிகளைக்கொண்டு நிறுவுவது வேறு. தகவல் தந்தவர் அஞ்சி ஒதுங்கலாம். ஆவணம் அயல்நாட்டில் இருக்கலாம். இதனோடு வழக்குச் செலவும் சேருகிறது. தோற்றவர் வென்றவரின் செலவையும் பெரும்பாலும் ஏற்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் வழக்கம். எனவே செல்வம் படைத்த அரசியல்வாதியின் வழக்கறிஞர் எழுதும் ஒரே கடிதம், வழக்கு தொடுக்கப்படாமலே, ஒரு நிகழ்ச்சியை நிறுத்திவிடக்கூடும். அப்படி நிறுத்தப்பட்டவற்றைப் பற்றி நாம் ஒருபோதும் கேள்விப்படுவதில்லை.

இனி எய்ட்கனுடைய வரலாறு. 1942ஆம் ஆண்டில் பிறந்த இவர், பத்திரிகை உலகின் பெருஞ்செல்வராகிய பீவர்புரூக் பிரபுவின் சகோதரர் வழிப் பேரர். இளமையில் தாமே பத்திரிகையாளராயிருந்தார். நைஜீரிய உள்நாட்டுப்போரைப் பற்றிய அரசாங்க அறிக்கையொன்றை வெளியிட உதவியதற்காக அரசாங்க இரகசியச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டு, 1971இல் விடுதலை பெற்றார். 1983இல் காலைநேரத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பிலும் சிறிது காலம் இருந்தார். ஒலிபரப்பாளர்களின் தொழிலை உள்ளிருந்து அறிந்தவரே பிற்பாடு அவர்களை எதிர்த்து வழக்காடினார் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். 1974 முதல் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த இவர், 1992இல் பாதுகாப்புத் துறையில் ஆயுதக் கொள்முதலுக்குரிய அமைச்சரானார். 1994இல் நிதித்துறையின் தலைமைச் செயலர் என்ற பதவியில் மந்திரிசபைக்குள் அமர்ந்தார்.

1993 செப்டம்பரில், அதாவது ஆயுதக் கொள்முதல் அவருடைய கையில் இருந்த நாள்களில், பாரிஸ் நகரின் ரிட்ஸ் ஹோட்டலில் அவர் தங்கினார். ஏறக்குறைய 1,000 பவுன் ஆகிய அந்த ஹோட்டல் கணக்கை, சவூதி அரச குடும்பத்திற்கு நெருங்கிய அவருடைய நண்பர் ஒருவர் செலுத்தினார் என்பதே குற்றச்சாட்டின் மையம். தம்மைப் பிறருக்குக் கடமைப்படுத்தக்கூடிய உபசாரத்தை அமைச்சர்கள் ஏற்கலாகாது என்பது விதி. எய்ட்கனோ, பணத்தைச் செலுத்தியவர் தம் மனைவியே என்று கூறினார். தொகை சிறியது. பல இலட்சம் பவுன்களையும், ஒரு மனிதனின் வாழ்வையும் விழுங்கிய வழக்கு இச்சிறு தொகையின்மேல் எழுந்தது.

1995 ஏப்ரல் 10ஆம் தேதி காலையில் 'கார்டியன்' எய்ட்கனுக்கும் சவூதியருக்கும் உள்ள தொடர்புகளைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. கிரனடாவின் 'வேர்ல்ட் இன் ஆக்ஷன்' என்னும் நிகழ்ச்சி அன்றிரவு 8 மணிக்கு ஒளிபரப்பாக இருந்தது. மாலை 5 மணிக்கு எய்ட்கன் தம் கட்சியின் தலைமை அலுவலகத்தில் பத்திரிகையாளரைக் கூட்டினார். வழக்குத் தொடுப்பதை அறிவித்தார். நிகழ்ச்சி அக்குற்றச்சாட்டுகளைக் கைவிட வேண்டுமென்று கோரினார். வளைந்துபோன பத்திரிகைத் தொழிலாகிய புற்றுநோயைச் சத்தியத்தின் வாளாலும் நியாயத்தின் கேடயத்தாலும் அறுத்தெறியப்போவதாக அவர் பேசிய பேச்சு பெரும்புகழ் பெற்றது. ஒளிபரப்புக்கு மூன்று மணிநேரமே இருந்தது. கிரனடா பின்வாங்கவில்லை, நிகழ்ச்சி குறித்த நேரத்தில் ஒளிபரப்பாயிற்று. அம்மூன்று மணிநேரத்தில் அந்நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் எடுத்த முடிவை நாம் சிறிதாக எண்ணலாகாது. தங்களிடமுள்ள சான்றுகள் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது அன்று அவர்களுக்கு உறுதியாய்த் தெரிந்திருக்க முடியாது.

அதே ஆண்டு ஜூலையில் எய்ட்கன் வழக்கை நடத்துவதற்காக மந்திரிசபையை விட்டு விலகினார். 1997 மே மாதத் தேர்தலில் தம் தொகுதியையும் இழந்தார். ஜூன் மாதத்தில் உயர்நீதிமன்றத்தில், ஜூரிமார் இன்றி, நீதிபதி பாப்பிள்வெல் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. எய்ட்கன் சத்தியப் பிரமாணம் செய்து, ஹோட்டல் கணக்கைத் தம் மனைவி செலுத்தினார் என்று சாட்சியம் கூறினார். அதற்குத் துணையாக, பதின்பருவத்திலிருந்த தம் மகளையும் எழுத்துமூலமான வாக்குமூலம் ஒன்றில் கையொப்பமிடச் செய்திருந்தார். பிரதிவாதிகளுக்கு அதுவரை எல்லாம் சாதகமாக இருந்ததென்று சொல்லுவதற்கில்லை. ஆனால் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, விமான நிறுவனத்தின் பழைய பயணச்சீட்டுப் பதிவுகளும், வாடகைக் கார் எடுத்த பதிவுகளும் தேடி எடுக்கப்பட்டன. அவ்வார இறுதியில் மனைவியும் மகளும் லண்டனிலிருந்து நேரே ஜெனீவாவுக்குச் சென்று, ஜெனீவாவிலிருந்தே திரும்பினர் என்பதை அவை காட்டின. பாரிஸிலேயே இல்லாதவர் பாரிஸில் பணம் செலுத்தியிருக்க முடியாது. ஜூன் 20ஆம் தேதி வழக்கு கைவிடப்பட்டது.

இவண் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வழக்கு தீர்ப்பை எட்டாமலே முறிந்தமையால், நிகழ்ச்சியில் கூறப்பட்டவை யாவும் உண்மையென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. எய்ட்கனை வீழ்த்தியது தொலைக்காட்சி கூறியதன்று. அதற்கு மறுப்பாக அவர் ஆணையிட்டுக் கூறியதே. ஹோட்டல் கணக்கைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால் பதவியைமட்டும் இழந்திருப்பார். 1999இல் பொய்ச்சத்தியம், நீதியின் போக்கைக் குலைத்தல் ஆகிய குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு ஜூன் 8ஆம் தேதி 18 மாதச் சிறைத்தண்டனை பெற்று, அதில் ஏறக்குறைய ஏழு மாதங்களைச் சிறையில் கழித்தார். வழக்குச் செலவு அவரைக் கடனாளியாக்கி, அவர் திவாலானார்.

பத்திரிகையின் கைகளும் முற்றிலும் தூய்மையாயிருக்கவில்லை. ரிட்ஸ் ஹோட்டலின் உரிமையாளராகிய முகம்மது அல் ஃபாயத்தே தகவலைத் தந்தவர். அவரை மறைக்கும்பொருட்டு, எய்ட்கனுடைய அலுவலகமே கேட்பதுபோலத் தோன்றும்படி, பாராளுமன்றத்தின் பெயர் பொறித்த தாளில் கடிதம் ஒன்றை 'கார்டியன்' ஆயத்தம் செய்து தொலைநகல்மூலம் ஹோட்டலுக்கு அனுப்பிக் கணக்கின் பிரதியைப் பெற்றது. இது வெளிப்பட்டபோது, அப்போது ஆசிரியராயிருந்த பீட்டர் பிரெஸ்டன் பத்திரிகைப் புகார்க் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. நன்மை வரும்படிக்குத் தீமை செய்யலாமா என்ற வினாவை ஒழுக்கவியல் வகுப்புகளில் நாம் அடிக்கடி விவாதிக்கிறோம். இங்கு அது நூலறிவாக இன்றி நிகழ்ச்சியாகவே நிற்கிறது. பெறப்பட்ட கணக்கு மெய். பெற்ற வழி பொய். கணக்கு மெய்யாயிருந்தமையால் வழி நியாயமாயிற்று என்று வாதிடுவோர் உண்டு. எம்மால் அதை ஏற்க இயலவில்லை. அந்தக் கடிதம், எய்ட்கனுக்குத் தம்மை அநியாயமாய் வேட்டையாடப்படுகிறவராகக் காட்டிக்கொள்ள ஒரு முகாந்தரத்தையும் அளித்தது.

அரசியல்வாதிகள் வழக்கிடுவதையே தடுத்துவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அமெரிக்கா ஏறத்தாழ அவ்வழியில் சென்றது. 1960இல் மார்ட்டின் லூதர் கிங்கின் ஆதரவாளர்கள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் வெளியிட்ட விளம்பரத்தில் சிறு பிழைகள் சில இருந்தன. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகர ஆணையர் சல்லிவன் அதன்பேரில் வழக்கிட்டார். மாநில நீதிமன்றம் 5,00,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. பிரதிவாதிகளுள் அப்ரநாதி, ஷட்டில்ஸ்வர்த் உள்ளிட்ட நான்கு கறுப்பின போதகர்கள் இருந்தனர் என்பதும், அவர்களுள் சிலருடைய வாகனங்கள் ஜப்தி செய்யப்பட்டன என்பதும் பலர் அறியாதவை. 1964இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பொது அலுவலர் தம் அலுவலைப் பற்றிய அவதூறுக்கு நஷ்டஈடு பெற வேண்டுமானால், பொய்யென்று அறிந்தோ, மெய் பொய்யைப் பற்றி அக்கறையின்றியோ அது வெளியிடப்பட்டதென்று அவரே நிரூபிக்க வேண்டும் என்று விதித்தது. 'நக்கீரன்' இதழ் தொடர்பான 1994ஆம் ஆண்டின் தீர்ப்பில் இந்திய உச்சநீதிமன்றமும் இக்கருத்தைத் தழுவி நின்றது. ஆயினும் நம் நாட்டில் அவதூறு குற்றவியல் சட்டத்தின்கீழும் தண்டனைக்குரியதாகவே இருக்கிறது. இங்கிலாந்து தன் நாட்டில் அதை 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழித்துவிட்டது. அது நமக்குத் தந்துபோன 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பிரிவோ 2024இல் புதிய சட்டத்திற்குள்ளும் தொடர்ந்து வந்திருக்கிறது.

எனினும் வழக்கிடும் அரசியல்வாதி எல்லாரும் எய்ட்கன் அல்லர். 2012 நவம்பர் 2ஆம் தேதி பி.பி.சி.யின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சி, மூத்த அரசியல்வாதி ஒருவர் சிறுவரைக் கெடுத்தார் என்று பெயர் கூறாமல் ஒளிபரப்பியது. பெயர் கூறாமையே கேடாயிற்று. மக்கள் தாமே பெயரை ஊகித்துப் பரப்பினர். அவ்வாறு சுட்டப்பட்ட மெக்கல்பைன் பிரபு முற்றிலும் குற்றமற்றவர். ஆளடையாளம் தவறாகக் கொள்ளப்பட்டிருந்தது. பி.பி.சி. அவருக்கு 1,85,000 பவுன் செலுத்தி மன்னிப்புக் கேட்டது. அதன் தலைமை இயக்குநர் பதவி விலகினார். முதியவரும் உடல்நலம் குன்றியவருமாகிய அவருக்கு மானநஷ்டச் சட்டம் இல்லாதிருந்தால், வேறென்ன புகலிடம் இருந்திருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு வகையினரையும் கருத்திற்கொண்டு, வாதிக்குக் கடுமையான தீங்கு நேர்ந்திருக்க வேண்டுமென்றும், பொதுநலன் கருதி நியாயமான நம்பிக்கையோடு வெளியிட்டவருக்குப் பாதுகாப்பு உண்டென்றும் வகுத்தது.

சீர்திருத்தச் சபையார் ஒன்பதாவது என்றும், லுத்தரன் சபையார் எட்டாவது என்றும் எண்ணும் கற்பனையைப் பொதுவாகப் பொய் சொல்லலாகாது என்ற அறிவுரையாகவே நாம் சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். அதன் சொற்கள் நீதிமன்றத்திற்குரியவை. பிறனுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் நிற்பவனை நோக்கியவை. நாபோத்தின் வரலாற்றில் (1 இராஜாக்கள் 21) அரசி யேசபேல் முறையான விசாரணையையும் சாட்சிகளையும் கொண்டே அவனைக் கொன்றாள் என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றமே ஆயுதமாகக்கூடும் என்பதை இஸ்ரவேலர் அறிந்திருந்தனர். பொய்ச் சாட்சிக்காரன் பிறனுக்கு நினைத்த கேட்டையே அவனுக்குச் செய்யும்படி உபாகமம் 19ஆம் அதிகாரம் விதிப்பதும் இதனாலேயே. இக்கற்பனை ஆதாரமின்றி ஒளிபரப்பும் நிறுவனத்தையும், ஒளிபரப்பியவரை அடக்கப் பொய்ச்சத்தியம் செய்யும் அமைச்சரையும் ஒருங்கே பற்றுகிறது. எய்ட்கனுடைய செயலில் எம்மை மிகவும் வருத்துவது, ஹோட்டல் கணக்குமன்று, சத்திய வாளைப் பற்றிய பேச்சுமன்று. தம் மகளின் கையில் பேனாவைக் கொடுத்ததே.

சிறையில் அவர் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தைக் கற்கத் தொடங்கினார். விடுதலைக்குப்பின் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் விக்ளிஃப் ஹாலில் இறையியல் பயின்றார். அடிமை வணிகராயிருந்து போதகரான ஜான் நியூட்டனைப் பற்றி 2007இல் நூல் எழுதினார். அவருடைய மனந்திரும்புதலை அந்நாட்டில் பலர் ஐயத்தோடு நோக்கினர். அவ்வையம் நியாயமற்றதென்று நாம் கூற மாட்டோம். 2018இல், 75ஆம் வயதில், லண்டன் பேராயர் அவரை உதவிக்குருவாக அபிஷேகம் பண்ணினார். அடுத்த ஆண்டில் குருவானார். லண்டனின் பென்டன்வில் சிறையில் கைதிகளுக்கு ஊழியம் செய்வது அவருக்கு அளிக்கப்பட்ட பணிகளுள் ஒன்று.