'அடோன்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்

சித்தாந்தப் பொருளை ஆங்கிலத்தில் எழுதப்புகுவாருட் சிலர், 'அடோன்மெண்ட்' என்னும் பெயரைப் பிரித்து 'ஒன்றாதல்' எனப் பொருள்கொண்டு, அதனை நம் அத்துவிதத்திற்கு நேராக வைப்பர். சொல்லின் வரலாற்றை நோக்குவார்க்கு அது பொருந்தாமை இனிது விளங்கும்.

பிரிப்பில் வழுவில்லை. 'அட்', 'ஒன்' என்பன புணர்ந்து 'மெண்ட்' என்னும் விகுதி பெற்றமைந்த தொழிற்பெயரே அது. ஒன்றென்னும் எண்ணுப்பெயரை ஆங்கிலர் பண்டு 'ஓன்' என ஒலித்தனர். 'அலோன்', 'ஓன்லி' என்பவற்றில் அவ்வொலி இன்றும் நிற்கின்றது. எண்ணுப்பெயரின் ஒலி பின்னர்த் திரிந்தமையால், அதற்கும் இதற்குமுள்ள உறவு செவிக்குப் புலனாகாதாயிற்று. 'அடோன்' என்னும் வினையோ இப்பெயரினின்றும் பின்னர்ப் பிறந்தது. வினையினின்று தொழிற்பெயர் பிறக்கக் காணும் நமக்கு இது புதுமையே.

இனி, அவ்வொன்றாதல் யாது? பகைத்தார் இருவர் சந்தாதல். ஷேக்ஸ்பியரது 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தில் அரசன் தன் சுற்றத்தாரிடை உண்டாக்க விழைந்தது இதுவே. 1526-இல் அச்சேறிய டிண்டேலின் புதிய ஏற்பாட்டிலும் பொருள் அதுவே. எபிரேயரின் பலிகளைக் கூறும் பழைய ஏற்பாட்டிற்கும் இச்சொல்லையே ஆண்டமையால், சந்தென்னும் பயனைவிட்டு, அதற்குக் கருவியாகிய கழுவாயின்மேற் பொருள் சென்றது. 1611-ஆம் ஆண்டுப் பெயர்ப்பில் உரோமர் நிருபத்தில் நின்ற இச்சொல்லை, 1881-இல் திருத்தினோர் நீக்கி, சந்தாதலையே வெளிப்படையாக உணர்த்தும் வேறு சொல்லை அமைத்தனர். தமிழ் விவிலியம் ஆண்டு 'ஒப்புரவாகுதல்' என்றும், லேவியராகமத்திற் 'பாவநிவிர்த்தி' என்றும் வேறுபடுத்தியது பாராட்டற்பாலது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரத்து ஒப்புரவு வேறுபொருட்டு, அது நிற்க.

இக்காலத்துக் கழுவாய்ப் பொருளே வழக்கு. சிறு பிழைக்கு இச்சொல்லை ஆளார். நெடுங்காலம் உறுத்தும் பெருங்குற்றத்திற்கே ஆள்வர். 2001-இல் இயன் மக்யூவன் இப்பெயரால் வெளியிட்ட புதினம், இளமையிற் கூறிய பொய்ச்சான்றிற்கு வாழ்நாளெல்லாம் ஈடுதேடும் ஒருத்தியைப் பற்றியது.

இருபொருளிலும் முன் பிரிவும் பின் இசைவும் உள. அத்துவிதமோ அத்தகையதன்று. அச்சொல் ஏகமெனப் பொருள்படாது அந்நியமின்மையையே உணர்த்துமென மெய்கண்டதேவர் இரண்டாஞ் சூத்திரத்து விளக்கினார். உயிரோடு இறைவன் அநாதியே பிரிப்பின்றி நிற்றலின், பகைதீர்த்துப் புதிதாகக் கூட்டுவார் வேண்டப்படார். மலமும் உயிர் இறைவனுக்கிழைத்த பிழையன்று. செம்பிற் களிம்புபோல் உடனுள்ளது. ஆதலின் ஆங்கிலத்தில் எழுதுவார் அத்துவிதத்தை அவ்வாறே எழுதி, ஆகமங்கள் விதிக்கும் பிராயச்சித்தத்திற்கு 'அடோன்மெண்ட்' என்பதை வைத்துக்கொள்க.