அடுத்த வண்டியை வாங்குமுன் பழைய வண்டியின் கணக்கைப் பாருங்கள்

மாடு வாங்கச் செல்லும் விவசாயி சுழி பார்க்கிறார்; பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; ஏரில் பூட்டி நடத்தியும் பார்க்கிறார். அவரே மோட்டார் சைக்கிள் வாங்கும்பொழுது வண்ணத்தையும் மாதத் தவணையையும் மட்டும் விசாரித்துவிட்டுக் கையொப்பமிட்டு விடுகிறார். முன்பு வைத்திருந்த வண்டிகள் எங்கே உழைத்தன, எங்கே செலவு வைத்தன என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

குடியாத்தம் வட்டாரத்தில் இருசக்கர மோட்டார் வண்டி உல்லாசப் பொருளன்று. நெசவாளர் நூலை எடுத்துச் செல்வதும், நெய்த லுங்கிகளைச் சங்கத்தில் ஒப்படைப்பதும், விவசாயி மாங்காயும் தேங்காயும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும், தோல் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் போய்வருவதும் அதிலேதான். ஆகவே அது ஒரு தொழிற்கருவி. தறிக்குரிய விவேகம் அதற்கும் வேண்டும்.

சுமை

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. வேகத்திலோ கம்பீரத்திலோ அது சிறந்ததன்று. ஆயினும் ஏழைத் தொழிலாளியின் வீட்டு வாயிலில் அதுவே நின்றது. ஏறி இறங்க எளிது. கைப்பிடிக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு மூட்டையை வைக்கலாம். அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள் இன்றும் சந்தைகளில் காய்கறி மூட்டைகளுடன் நிற்பது இக்காரணத்தினாலேயே. பெரிய எந்திரமுடைய வண்டி அதிகச் சுமையை ஏற்கும் என்று எண்ணுவது பிழை. வண்டியின் சட்டமும் பின்புற ஸ்பிரிங்கும் எவ்வளவு எடைக்கு அமைக்கப்பட்டவை என்பதே முக்கியம். பழைய வண்டியில் பின்சக்கர டயரும் செயினும் அடிக்கடி தேய்ந்தனவாயின், அவ்வண்டி தன் தகுதிக்கு மேல் சுமந்தது என்று பொருள்.

சுமை ஏற்றுவோர் பிரேக்கையும் கவனித்தல் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். முறையும், சிறிய வண்டிகளில் இரு பிரேக்கும் இணைந்து பிடிக்கும் முறையும் கட்டாயமாக்கப்பட்டன. அதற்கு முந்திய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்க.

எரிபொருள்

முற்காலத்து ராஜ்தூத், எஸ்டி முதலியவை இரண்டு ஸ்ட்ரோக் எந்திரங்கள். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியே வெளியேறும். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 நான்கு ஸ்ட்ரோக் எந்திரத்தைச் சிறிய மோட்டார் சைக்கிளில் பிரபலமாக்கிற்று. அதன்பின் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே நம் மக்களின் முதற் கேள்வியாயிற்று.

கேள்வி நியாயமானதே, ஆனால் அரைக் கேள்வி. நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்பது மற்றை அரை. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் வண்டி ஒன்று. 60 தரும் வண்டி மற்றொன்று. பின்னதன் விலை 25,000 ரூபாய் அதிகம் என்று கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனவும் ஆண்டுக்கு 300 நாள் எனவும் வைத்துக்கொள்க. தினம் 40 கிலோமீட்டர் செல்பவருக்கு ஆண்டில் 100 லிட்டர், அதாவது 10,000 ரூபாய் மிச்சம். அதிக விலை இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். தினம் 10 கிலோமீட்டர் மட்டும் செல்லும் நெசவாளருக்கோ 2,500 ரூபாயே மிச்சம். விலை திரும்பப் பத்து ஆண்டு ஆகும். ஒருவருக்கு இலாபமான வண்டி அண்டை வீட்டாருக்கு நஷ்டமாதல் கூடும்.

எரிபொருளை மட்டும் நோக்கினால் நேர்வதற்கு டீசல் புல்லட் சான்று. 325 சி.சி. எந்திரத்தில் சுமார் ஆறரைக் குதிரைத் திறனே இருந்தது. செலவு குறைவுதான், ஆனால் கனமும் அதிர்வும் மிகுதி, வேகமோ குறைவு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின் அது சந்தையிலிருந்தே மறைந்தது.

உதிரி உறுப்புகள்

1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்தது. எந்திரத்தின் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மாறாதிருந்தமையால், சிற்றூர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்ட வல்லவரானார். மைசூரில் எஸ்டி வண்டியைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையோ 1996-இல் மூடப்பட்டது. உறுதியான வண்டியை வைத்திருந்தோரும் சிறு உறுப்புக்காக ஊர் ஊராக அலையும்படி ஆயிற்று. 2022-இல் அப்பெயர் மீண்டும் வந்ததெனினும், அதன் எந்திரம் புதியது. பழைய வண்டிக்கு உதவாது. ஆகவே புதுக் கம்பெனியின் வண்டியை விரும்புவோர், குடியாத்தத்திலோ வேலூரிலோ அதன் உறுப்புகள் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் உளரா என்று முதலில் விசாரித்தறிதல் நலம்.

மின்சார வண்டி

ஓசூர், போச்சம்பள்ளி, இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன. தினமும் ஒரே வழியில் சென்று மாலையில் வீடு திரும்புவோருக்கு இவை ஏற்றவை. ஆனால் 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்ததை நாம் மறத்தல் ஆகாது. அவ்வாண்டு பல இடங்களில் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின், பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்திய பழைய மின்வண்டியை மலிவென்று வாங்குவது உசிதமன்று. நூலும் பாவும் நிறைந்த தறிவீட்டினுள் எந்த மின்வண்டியையும் சார்ஜ் செய்யாதீர்கள். வாயிற்படியை அடைத்து நிறுத்தாமல், காற்றோட்டமான இடத்தில், எர்த் உள்ள பிளக்கில், கம்பெனி தந்த சார்ஜரையே பயன்படுத்துக.

கடன்

கடைக்காரர் '10 சதவீதம்' என்று சொல்லும் வட்டி பெரும்பாலும் பிளாட் வட்டி. தவணை கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் வட்டி முழு முதலுக்கே கணக்கிடப்படும். 60,000 ரூபாய்க்கு மூன்றாண்டில் வட்டி 18,000. மாதத் தவணை சுமார் 2,167 ரூபாய். குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் இது ஏறக்குறைய 18 சதவீதத்துக்குச் சமம். சங்கக் கடனோடு ஒப்பிடும்பொழுது இரண்டையும் ஒரே முறையில் கணக்கிட்டே ஒப்பிட வேண்டும்.

சங்கக் கடனாயினும் அது தனிமனிதர் விவகாரம் அன்று. கடன் பெற்றவர் தவறினால், ஜாமீன் நின்ற அங்கத்தினரின் கூலியும் சேமிப்பும் ஈடாகின்றன. அயலார் மெச்சுவதற்காக ஒருவர் வாங்கிய வண்டிக்கு, அதில் ஒருநாளும் ஏறாத மற்றொருவர் பணம் கட்ட நேர்வது எவ்வளவு பரிதாபம்!

ஆகையினால் அங்கத்தினர்கள் புது வண்டிக்கு மனுச் செய்யுமுன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதுவார்களாக: பழைய வண்டி ஆண்டுக்கு ஓடிய தூரம், எரிபொருட் செலவு, பழுதுச் செலவு, எந்த உறுப்புக்கு எத்தனை முறை என்பதுடன், வழக்கமாக ஏற்றிய சுமை, மாத வருமானத்தில் குடும்பச் செலவு போக மிஞ்சும் தொகை. வீட்டாரையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுதல் நன்று. ஜாமீன் நிற்பவர் அத்தாளைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவது இருவருக்கும் நலம் பயக்கும்.