பழைய உழவு இயந்திரமும் எண்ணெய்க்குழாய் இணைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வேளாண்மையில் எருதுகள் செய்துவந்த வேலையின் பெரும்பகுதியை உழவு இயந்திரம் ஏற்றுக்கொண்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்திலேயாகும். அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பேர்குசன், மாசி பேர்குசன், போட்சன் முதலிய இயந்திரங்களுட் சில அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நிலத்தில் உழைத்து வருகின்றன. ஓர் இயந்திரத்தின் ஆயுள் அதன் இரும்பின் தடிப்பினால் மட்டும் அமைவதன்று. அதனைக் கழற்றிப் பூட்டுவோரின் அறிவினாலும் அமைவது. அவ்வறிவு பெரிதும் சோதிக்கப்படும் இடம் ஒன்றுண்டு. கைவிரற் பருமனே உடைய றப்பர்க் குழாயைக் கழற்றி மீளவும் இணைக்கும் இடமே அது. சிறு வேலையென எண்ணப்படும் இவ்விணைப்பிலே இயந்திரத்தின் நலம் மட்டுமன்றி, அதனைக் கையாள்வோனின் கையும் உயிரும் தங்கியிருக்கின்றன.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் அத்திரவத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் குறைவின்றிப் பரவும் என்பது பிரான்சிய அறிஞராகிய பஸ்கால் கண்ட விதி. அவர் 1662 இல் இறந்தபின், அடுத்த ஆண்டிலேயே அவ்வாராய்ச்சி நூலுருவம் பெற்றது. அதனைப் பயன்படுத்தி யோசேப்பு பிராமா என்னும் ஆங்கிலேயர் 1795 இல் நீரியல் அழுத்திக்கு உரிமை பெற்றார். விதியின் வலிமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தல் அமுக்கமுள்ள எண்ணெய், மூன்று அங்குல விட்டமுடைய முசலம் ஒன்றைத் தள்ளுவதாகக் கொள்வோம். முசலத்தின் முகப்பரப்பு ஏறத்தாழ 7 சதுர அங்குலம். ஆகவே, அது தள்ளும் விசை 14000 இறாத்தல். அஃதாவது ஆறு தொன்னுக்கு மேல். விரற் பருமனான குழாயொன்று இத்துணை விசைக்கு வழியாய் நிற்கின்றது.

இவ்விதியை உழவுக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்திலே 1884 இற் பிறந்த ஹாரி பேர்குசன். அவருக்கு முன் கலப்பை இயந்திரத்தின் பின்னே வண்டிபோல இழுபட்டது. கலப்பை கல்லில் அகப்பட்டவிடத்து இயந்திரத்தின் முன்பக்கம் எழுந்து ஓட்டுபவன்மேற் கவிழ்வதும் உண்டு. பேர்குசன் கலப்பையை மூன்று முனைகளாற் பொருத்தி, எண்ணெய் அமுக்கத்தால் அதனைத் தூக்கவும் தாழ்த்தவும் செய்து, இரண்டையும் ஓருடலாக்கினார். 1926 இல் அவர் உரிமை பெற்ற இம்முறை, 1946 தொடக்கம் கொவன்றி நகரில் ஆக்கப்பட்ட சிறிய சாம்பல்நிறப் பேர்குசன் வாயிலாக உலகெங்கும் பரவியது. பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. 1953 இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மாசி ஹரிசுடன் இணைந்தது. 1958 இல் மாசி பேர்குசன் என்னும் பெயர் நிலைத்தது. நம்மவர் நன்கறிந்த 35 ஆம், 135 ஆம் இலக்க இயந்திரங்கள் இம்மரபினவே.

இவ்வியந்திரங்களில் எண்ணெய்ப் பம்பி பற்சில்லுப் பெட்டியின் உள்ளேயே அமைந்துள்ளது. பற்சில்லுகளை நனைக்கும் எண்ணெயே தூக்கியையும் இயக்குகின்றது. பம்பி எண்ணெயைத் தள்ள, வால்வு அதற்கு வழிகாட்ட, உருளையினுள்ளே முசலம் நகர்ந்து தூக்குகைகளை உயர்த்தும். இவையனைத்தும் இரும்புச் சுவருக்குள் மறைந்திருத்தலின் தூசியும் மழையும் அவற்றை அணுகுவதில்லை. இழுவைப்பெட்டியைச் சரித்துக் கொட்டுவதற்கு எண்ணெயை வெளியே கொண்டு செல்ல வேண்டியபோதே குழாய் தேவைப்படுகின்றது. காலபோக விதைப்புக்கு முன் கலப்பையை இழுக்கும் இயந்திரம், மற்றைய மாதங்களில் மண், கல், எரு, வைக்கோல் ஏற்றிய பெட்டியை இழுக்கின்றது. ஆதலால் குழாய் கழற்றப்படுவதும் பூட்டப்படுவதும் ஆண்டுதோறும் பலமுறை நிகழ்வன. மூடியிருந்த தொகுதி திறக்கப்படும் நேரமும், தவறு உட்புகும் நேரமும் அதுவே.

இணைப்பைத் தொடுமுன் செய்யவேண்டுவது அமுக்கத்தை நீக்குதலாகும். தூக்கிய கலப்பையையோ பெட்டியையோ தரைவரை தாழ்த்தி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலைத் தாழ்த்தும் நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். எஞ்சின் நின்றதனால் அமுக்கமும் நின்றதெனக் கருதுதல் பெரும் பிழை. பாரம் மேலே நிற்கும்வரை அதன் எடை எண்ணெயை அழுத்திக்கொண்டேயிருக்கும். சுரை தளர்ந்த கணத்திலே எண்ணெய் வெளியேற, பாரம் வீழும். பெட்டியை உயர்த்தியே வேலை செய்ய நேரின், திண்ணிய முட்டு ஒன்றைக் கொடுத்த பின்னரே அதன்கீழ்ச் செல்லலாம். எண்ணெயை நம்பி எவரும் பாரத்தின்கீழ்த் தலை வைத்தலாகாது.

வெயிலும் ஈண்டு கருதத்தக்கது. கழற்றப்பட்ட குழாயின் முனையிலுள்ள விரைவிணைப்பான் தானே மூடிக்கொள்வதால் உள்ளிருக்கும் எண்ணெய் அடைபடும். பங்குனி, சித்திரை வெயிலில் அது சூடேறி விரிய, அமுக்கம் மிகுந்து, எவ்வளவு தள்ளினும் இணைப்பான் பொருந்தாது. அப்பொழுது சுத்தியலால் அடிப்போர் இணைப்பானின் வாயைக் கெடுப்பர். குழாயை நிழலில் ஆறவிடுதலும், பாரமெதுவும் தாங்காத குழாயின் மறுமுனைச் சுரையைத் துணி சுற்றி மெல்லத் தளர்த்திச் சிறிதளவு எண்ணெயைக் கசியவிடுதலுமே தக்க வழி. கழற்றும்போதே அமுக்கத்தை நீக்கியிருப்பின் இவ்விடர் பெரிதும் குறையும்.

அடுத்தது தூய்மை. வலிகாமத்துச் செம்மண் பயிருக்கு நன்மருந்து, பம்பிக்கோ நஞ்சு. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. பம்பியிலும் வால்விலும் உள்ள இடைவெளிகள் அம்மயிரினும் பன்மடங்கு நுண்ணியவை. கண்ணுக்குப் புலப்படாத மணற்றுகளே அங்கு அரம்போல் அராவும். ஆதலின், இணைப்பின் வெளிப்புறத்தைத் துடைத்த பின்னரே சுரையைத் தளர்த்தல் வேண்டும். திறந்த வாய்களை உடனே மூடுதல் வேண்டும். நூல் உதிரும் பழந்துணியை வாயினுட் செலுத்துதல் ஆகாது. பலருடைய பெட்டிகளை ஒரே இயந்திரத்திற் பூட்டுவோர், ஒரு பெட்டியின் அழுக்கெண்ணெய் தம் பற்சில்லுப் பெட்டிக்குள் வந்து சேரும் என்பதையும் நினைத்தல் நன்று.

மூன்றாவது புரியின் பொருத்தம். பிரித்தானியக் குழாய்ப்புரியின் கோணம் 55 பாகை; அமெரிக்கக் குழாய்ப்புரியின் கோணம் 60 பாகை. 3/8 அங்குல அளவில் முன்னையதற்கு ஓரங்குலத்தில் 19 புரிகளும், பின்னையதற்கு 18 புரிகளும் உள. ஆகவே அவை சில சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும், தவறு வெளிப்படும். அரை அங்குல அளவிலோ இரண்டிலும் 14 புரிகளே. ஒன்றினுள் ஒன்று ஏறிப் பொருந்தியதுபோற் காட்டும். அமுக்கம் வந்தபோது கசியும், அன்றிப் புரி அறுந்து பறக்கும். பிரித்தானிய இணைப்புக்களிற் பெரும்பாலானவற்றில் எண்ணெயைத் தடுப்பது புரியன்று. கூம்பு முகமோ, றப்பர் பதித்த வாசரோ ஆகும். அத்தகைய இணைப்பிற் புரியின்மேல் நாடா சுற்றுவதாற் பயனில்லை. நாடாவின் துணுக்குகள் உட்சென்று வால்வை அடைத்தலுங்கூடும். இறுக்கும்போது ஒரு சாவியாற் குழாயின் தலையைப் பிடித்து, மற்றொன்றாற் சுரையைத் திருப்புதல் வேண்டும். இன்றேல் குழாய் முறுக்குண்ணும்.

குழாயின் அமைப்பும் அறியத்தக்கது. உள்ளே எண்ணெய்க்குக் கரையாத செயற்கை றப்பர். அதன்மேல் உருக்குக் கம்பிப் பின்னல் ஓரடுக்கோ ஈரடுக்கோ. அதற்கும் மேல் உறை. அமுக்கத்தைத் தாங்குவது கம்பிப் பின்னலே. அமுக்கம் ஏறும்போது குழாயின் நீளம் நூற்றுக்கு நான்கு பங்குவரை குறையலாம். ஆதலால் நாண்போல் இழுத்துப் பூட்டாது சிறிது தளர்வு விடுதல் வேண்டும். குழாயின்மேல் அச்சிடப்பட்ட கோடு நேராக ஓடின் முறுக்கில்லை. திருகாணிபோற் சுற்றின் முறுக்குண்டு. இரு குழாய்கள் உள்ள இடத்தில் அவற்றை மாற்றிப் பூட்டின் நெம்புகோல் எதிர்மாறாக வேலை செய்யும். தாழ்த்த எண்ணியவன் உயர்த்துவான். கழற்றுமுன் நிறமிட்டு அடையாளம் செய்தல் இதனைத் தவிர்க்கும்.

இணைத்தபின் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பாரமின்றிப் பலமுறை உயர்த்தித் தாழ்த்துதல் வேண்டும். குழாயில் நின்ற காற்று அப்பொழுதே வெளியேறும். எண்ணெய் எளிதிற் சுருங்காது. காற்றோ பஞ்சுபோற் சுருங்கும். காற்று நின்றால் தூக்கி நடுங்கி நடுங்கி எழும். பெட்டியின் உருளை பற்சில்லுப் பெட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துக்கொள்வதால், பெட்டியைத் தாழ்த்திய நிலையில் அளவுகோலைப் பார்த்து எண்ணெயை நிரப்புதலும் வேண்டும்.

கசிவைத் தேடும்போது கை தடவுதல் ஒருபோதும் ஆகாது. ஊசித் துவாரத்திலிருந்து பாயும் எண்ணெய் தோலை ஊடுருவித் தசைக்குட் புகும். முதலில் முட்குத்தியது போன்ற சிறு புள்ளியே தோன்றும்; நோவும் பெரிதாக இராது. உள்ளேயோ தசை நஞ்சேறி அழியத் தொடங்கும். சில மணி நேரத்துள் அறுவைச் சிகிச்சை பெறாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். ஆகவே ஓர் அட்டைத் துண்டைத் தூரத்தே பிடித்து, அதிற் படியும் எண்ணெயைக் கொண்டே கசிவை அறிதல் வேண்டும். எண்ணெய் குத்தியவரை, காயம் சிறிதென்று வீட்டில் வைத்திராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, அமுக்கத்திற் பாய்ந்த எண்ணெய் எனத் தெளிவாகச் சொல்லுதல் கடமையாகும்.

1990 இல் தொடங்கிய பொருட்டடைக் காலத்திலே எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் குடாநாட்டார் காலத்தை வென்றனர். இல்லாததை இருப்பதுகொண்டு ஒப்பேற்றும் அத்திறமை நம் சமூகத்தின் பெருஞ் செல்வம். ஆயினும் எல்லாச் செல்வத்துக்கும் எல்லையுண்டு. மண்ணெண்ணெயில் ஓடும் கார் பழுதுற்றால் வழியிலே நிற்கும், அவ்வளவே. அமுக்கக் குழாயின் வெடிப்பிற்குச் சைக்கிள் றியூப்பைச் சுற்றிக் கம்பியாற் கட்டினாலோ, தண்ணீர்க் குழாயைக் கிளிப் இட்டு இறுக்கினாலோ, அது வழியிலே நிற்பதோடு அமையாது. அருகில் நிற்போனையும் வீழ்த்தும். எதனை ஒப்பேற்றலாம், எதனை ஒப்பேற்றலாகாது என்னும் பகுத்தறிவே கைத்திறத்தை அறிவியலாக உயர்த்துவது.

கண்டி வீதி திறந்து பல ஆண்டுகளாகின்றன. தகுந்த அளவிற் கம்பிப் பின்னல் குழாயை இன்று செய்வித்துக்கொள்ளலாம். 1960 இற் சென்னையில் நிறுவப்பட்ட டாபே நிறுவனம் மாசி பேர்குசன் மரபிலே இயந்திரங்களை ஆக்கியமையால், பழைய இயந்திரங்களுக்குப் பொருந்தும் பாகங்கள் பல கிடைக்கின்றன. எனவே பஞ்ச காலத்துப் பழக்கத்தை வசதியுள்ள காலத்திலும் தொடர்தல் சிக்கனம் ஆகாது. பஸ்காலின் விதியை வகுப்பறையிற் கணக்காகக் கற்கும் மாணவன், தன் தந்தையின் தோட்டத்து இயந்திரத்தின் அருகே குனிந்து அவ்விதி எங்கே உறைகின்றதெனக் காண்பானாயின், அவன் கல்வி அவனுக்கும் பயன்படும். அவ்வியந்திரத்தைத் தொடும் கைகளையும் காக்கும்.