நிழலைப் பார்த்துச் செடி வாங்குங்கள்

வாசல் பூக்கள் – 8

சென்ற வாரம் மண் கலவையைப் பற்றிப் பேசினோம். மண்ணைச் சரிசெய்த பிறகும் பல வீடுகளில் ஒரு குறை தீருவதில்லை. “தண்ணீர் ஊற்றுகிறோம், உரம் வைக்கிறோம், செடி தளதளவென்று நிற்கிறது. ஒரு பூவைக் காணோம்” என்பார்கள். நர்சரிக்காரரிடம் கேட்டால் இன்னொரு உரப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார். அதையும் போட்டால் இலை இன்னும் அகலமாகும். பூ அப்போதும் வராது.

பூப்பது செடிக்குப் பெரிய செலவு. வெயிலைக் கொண்டு இலை சமைக்கும் மாவுச்சத்தில் வேருக்கும் தண்டுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் மொட்டு பிடிக்கும். வெயில் போதாத இடத்தில் மல்லிச் செடி சாகாது. வெளிச்சத்தைத் தேடிக் கொடியாக நீளும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை கரும்பச்சையாகும். பார்ப்பவர்களுக்கு அது செழிப்பாகத் தெரியும். உண்மையில் அது பசி. அந்தப் பசிக்கு யூரியா போட்டால் தழைச்சத்து தழையைத்தான் வளர்க்கும். ஆகவே பூச்செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை நர்சரியில் தொடங்கக் கூடாது. நம் வீட்டுச் சுவரின் நிழலில் தொடங்க வேண்டும்.

சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். தோட்டக்காரருக்கு அது போதாது. உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறதா, தெற்கே நிற்கிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு கடக ரேகைக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒருமுறை. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்கள் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மற்ற எட்டு மாதங்களும் தெற்கே.

இதனால் என்ன ஆகிறது என்று பத்தடி உயரச் சுவர் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். கிழக்கு மேற்காக ஓடும் சுவர், ஊர் சென்னை. டிசம்பர் 22 வாக்கில் நண்பகல் நிழல் சுவருக்கு வடக்கே ஏழடிக்கு மேல் விழும். மார்ச் 21-இல் அதே நிழல் இரண்டேகால் அடிக்குச் சுருங்கிவிடும். ஜூன் 21-இல் நிழல் பக்கமே மாறி, சுவருக்குத் தெற்கே இரண்டடிக்கும் சற்றுக் குறைவாக விழும். சுவருக்கு வடக்கே மூன்றடி தள்ளி ஒரு செடி வைத்திருந்தால், அது மார்கழியில் முழு இருட்டிலும் பங்குனியிலிருந்து நல்ல வெயிலிலும் நிற்கும். இடம் மாறவே இல்லை, வெளிச்சம் மாறிவிட்டது. கார்த்திகையில் வீட்டைப் பார்த்துவிட்டு “இந்த மூலையில் வெயிலே இல்லை” என்று முடிவு கட்டுவதும், சித்திரையில் பார்த்துவிட்டு “இங்கே எதுவும் வளரும்” என்று நம்புவதும் ஒன்றுபோலவே தப்பு.

குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் தெற்குப் பார்த்த சுவரோரத்தைப் பூச்செடிக்கு ஆக உயர்ந்த இடம் என்று சொல்கின்றன. லண்டனில் உச்சிச் சூரியன் ஒருநாளும் வடக்கே வராது, அதனால் அங்கே அது சரி. நம் ஊரில் மேலே தளம் மூடிய தெற்குப் பால்கனிக்கு மே, ஜூன், ஜூலையில் நேர் வெயில் ஏறக்குறைய கிடையாது. ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் வெயில் உள்ளே நன்றாக எட்டிப் பார்க்கும். அந்தப் பால்கனியில் குண்டுமல்லித் தொட்டி வைத்தால், மல்லி பூக்க வேண்டிய கோடையில் அது நிழலில் நிற்கும். அந்த இடம் குளிர்காலப் பூக்களுக்கு உரியது. செவ்வந்தியும் டிசம்பர் பூவும் அங்கே பிரமாதமாக வரும்.

வடக்குப் பக்கத்தை நம்மவர்கள் வேண்டாத இடமாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். வடக்கே திறந்த வாசலோ முற்றமோ இருந்து, சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நட முடியுமானால், அது மல்லிக்கு மோசமான இடமே அல்ல. மல்லியின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியைக் கவாத்து செய்ய வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதற்குமுன் சில நாட்கள் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். டிசம்பரில் செடி மொட்டைக் குச்சிகளாக ஓய்வில் இருக்கும். வடக்கு முற்றம் இருண்டிருக்கும் காலமும் அதுவேதான். தை, மாசியில் துளிர் வரும்போது நிழல் பின்வாங்கத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் மொட்டு பிடிக்கும்போது வெயில் முழுதாக வந்து சேர்ந்திருக்கும்.

கவாத்து என்றாலே வீடுகளில் மனம் வருவதில்லை. வளர்த்த கையால் எப்படி வெட்டுவது என்று தயங்குகிறார்கள். மல்லி பூப்பது புதுத் துளிரில். பழைய குச்சி எத்தனை அடி நீண்டிருந்தாலும் அதிலிருந்து புதுக் கிளை வெடித்தால்தான் அதன் நுனியில் மொட்டுக் கொத்து வரும். வெட்டாத செடி உள்ளே அடைந்து, ஒன்றுக்கொன்று நிழலாகி, ஓரங்களில் மட்டும் நாலு பூ பூக்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லி விளையும் தோட்டங்களில் போய்ப் பார்த்தால் செடிகள் இடுப்பளவுக்குள்தான் நிற்கும். வெட்டி வெட்டி வளர்த்த செடிகள் அவை. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்று ஒவ்வொன்றுக்கும் கவாத்துக் காலம் தனி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு, ஒன்று மட்டும் சரியாகப் பூக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். வெட்டிய பிறகு நன்கு மக்கிய தொழுஉரம் வையுங்கள். உரம் வேலை செய்யும் நேரம் அப்போதுதான், செடி துளிர்க்கத் தயாராக இருக்கும்போது.

வெயில் மாதிரியே இருட்டும் ஒரு கணக்கு. செவ்வந்தி நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு வைக்கும். பகல் சுருங்கி இரவு நீளும் ஐப்பசி, கார்த்திகையில் அது பூக்கத் தொடங்குவது அதனால்தான். இரவு நீளமாக இருந்தால் மட்டும் போதாது, இடையில் வெளிச்சம் படாமலும் இருக்க வேண்டும். தெருவிளக்குக்கு நேர் கீழே, அல்லது இரவு முழுக்க எரியும் வாசல் விளக்குக்குப் பக்கத்தில் செவ்வந்தித் தொட்டி இருந்தால், செடிக்கு இரவு வந்ததே தெரியாது. இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். தொட்டியை விளக்கு எட்டாத பக்கத்துக்கு நகர்த்துங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம். பூத்து முடிந்ததும் செத்துவிட்டது என்று செவ்வந்தியைத் தூக்கி எறிபவர்கள் ஏராளம். தண்டைத் தரைமட்டத்துக்கு மேல் வெட்டிவிட்டுக் காத்திருந்தால், அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றை வேரோடு பிரித்து ஆனி, ஆடியில் நட்டு, நாலு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒரு தொட்டி பல தொட்டியாகும்.

கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். காலை வெயில் பத்து, பதினொன்று வரை கிடைத்துப் பிற்பகல் நிழலாகும் இடத்தில் தொட்டி ரோஜா நன்றாக வரும், மண் சூடேறி வேர் வேகாது. கனகாம்பரத்துக்கும் அங்கே குறையில்லை. மேற்குப் பக்கம் கடுமையானது. கோடையில் பிற்பகல் வெயில் சுவரைச் சுட்டு, சுவர் தொட்டியைச் சுடும். மென்மையான செடிகளை அங்கே வதைக்க வேண்டாம். காகிதப் பூவை வையுங்கள். அது தண்ணீரைக் குறைத்தால்தான் அதிகம் பூக்கும், தினமும் ஊற்றினால் இலையாகப் போய்விடும். இட்லிப் பூவும் மேற்கு வெயிலைத் தாங்கும்.

நாள் முழுக்க அரை நிழல் என்றால் நந்தியாவட்டை, கனகாம்பரம், காசித்தும்பை. நந்தியாவட்டை மரத்தடியிலும் சலிக்காமல் பூக்கும், அதற்குரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை. முழு நிழலில் பூச்செடியே வேண்டாம். அங்கே இலையழகுச் செடிகளை வைத்துவிட்டுப் பூவுக்கு வேறு இடம் தேடுவதுதான் சரி. நாலு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே சிக்கிய வீடுகளில் பலருக்கு மிஞ்சுவது மொட்டைமாடிதான். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, காற்றும் சூடும்தான் பிரச்சினை. அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறேன்.

ஒரு செடியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அரளி எந்த வெயிலிலும் வரும், தண்ணீர் கேட்காது, ஆண்டு முழுக்கப் பூக்கும். சாலை நடுவே அதை நட்டிருப்பது அதனால்தான். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. அதன் நஞ்சு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் கொடியது. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதத்தில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையோ, மாடோ, ஆடோ இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த வெயிலில் செம்பருத்தியை நடலாம். மாவுப்பூச்சி வரும், அதைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் சமாளித்துவிடலாம்.

இடம் தெரிந்த பிறகு நர்சரிக்குப் போகலாம். அங்கே போனதும் நிறையப் பூத்து நிற்கும் செடிமேல்தான் கண் போகும். அதை வாங்காதீர்கள். நிழல்வலைக்குக் கீழே தென்னை நார்க் கழிவில் ஊட்டமாக வளர்ந்து, இருக்கும் பலத்தையெல்லாம் பூவில் காட்டிவிட்ட செடி, உங்கள் வீட்டு வெயிலுக்கு வந்ததும் தளர்ந்துபோகும். அடியிலிருந்து மூன்று நான்கு கிளை பிரிந்த, குட்டையான, புதுத் துளிர் விட்ட, இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும் செடியைத் தேடுங்கள். பையின் ஓட்டை வழியே வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் அது நாளாகத் தேங்கிய செடி. ஒட்டு ரோஜா என்றால் ஒட்டின் முடிச்சுக்குக் கீழே கிளம்பும் தளிரை எப்போதும் கிள்ளிவிட வேண்டும். அது அடிச்செடியின் தளிர், விட்டுவைத்தால் மேலே உள்ள ரோஜாவைப் பட்டினி போட்டுவிடும். தென்மாவட்டக்காரர்கள் மல்லி வாங்குவதாக இருந்தால் தங்கச்சிமடத்துக் கன்றுகளைக் கேட்டுப் பாருங்கள். ராமேசுவரம் தீவின் மணலில் வளரும் அந்தக் கன்றுகள்தான் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டின் மல்லித் தோட்டங்களுக்குப் போகின்றன.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்ற வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் அரை நிழலில் பையோடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். பிறகு வேர்ப்பந்து உடையாமல் மாலை நேரத்தில் நடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக வேண்டாம். காலை எட்டு மணிக்கு, நண்பகலில், மாலை நாலு மணிக்கு என்று மூன்று வேளை உங்கள் வாசலிலும் பால்கனியிலும் நிழலின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதி, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் ஓராண்டில் உங்கள் வீட்டின் வெயில் கணக்கு கையில் இருக்கும். முதல் நாள் கோட்டோடு, உச்சிச் சூரியன் இனி எந்தப் பக்கம் நகரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முதல் செடியை இப்போதே முடிவு செய்துவிடலாம். அடுத்த வாரம் பதியன் போடுவது எப்படி என்று பார்ப்போம். பக்கத்து வீட்டில் நல்ல மல்லிக் கொடி இருந்தால், ஒரு கிளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.