ஒல்லியானவர்களின் கல்லீரல்

பிர்பூம் மாவட்டத்தை நாம் அறிந்திருப்பது சாந்திநிகேதனால்தான். தாகூரின் ஆசிரமத்தைத் தாண்டினால் செம்மண்ணும் நெல்வயலுமாகக் கிடக்கும் மேற்கு வங்க ஊர்கள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பாடுபடுகிற உடம்புகள். அங்கே போய் 'ஃபேட்டி லிவர்' எனப்படும் கல்லீரல் கொழுப்பு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். அவர் கொல்கத்தாவின் கல்லீரல் நோய் நிபுணர் அபிஜித் சவுத்ரி.

அதுவரை மருத்துவ உலகம் இந்த நோயாளியை மனத்தில் வரைந்து வைத்திருந்த விதமே வேறு. 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோயியல் மருத்துவர், மது குடிக்காத 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவில் குடிகாரர்களுக்கு ஏற்படும் அதே சேதத்தைக் கண்டு எழுதினார். அந்த 20 பேரில் பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள்; பலருக்குச் சர்க்கரை நோய். அன்றிலிருந்து இது வசதியானவர்களின், எடை கூடியவர்களின் வியாதி என்ற எண்ணம் ஊறிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த எண்ணம் சரியென்றே படும். ஸ்கேன் எடுக்கக் காசும் நேரமும் உள்ளவர்கள்தானே அங்கே வருகிறார்கள்! ஊரில் எவ்வளவு நோய் இருக்கிறது என்பதை ஊருக்குப் போய்த்தான் எண்ண முடியும்.

சவுத்ரியின் குழு எண்ணியது. 1,911 கிராமத்தாரை ஆராய்ந்து, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் இரண்டையும் கொண்டு நோயைக் கண்டறிந்து, சிலருக்குத் திசுவும் எடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் 'ஹெப்படாலஜி' இதழில் முடிவு வெளியானது. அந்த மக்களில் அதிக எடை உள்ளவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஆனாலும் 8.7 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. இதைவிட உலுக்கியது அடுத்த கணக்கு: அப்படிக் கொழுப்பு படிந்தவர்களில் 75 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 25-க்குக் கீழே. 54 சதவீதம் பேருக்கு எடையும் அதிகமில்லை, தொப்பையும் இல்லை. கல்லீரல் சுருங்கி இறுகிப்போன சிரோசிஸ் நிலையிலும் சிலர் இருந்தார்கள்.

பருமன் இந்த நோய்க்குக் காரணமில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. அந்த ஊர்களிலும் எடை கூடியவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். ஆனால் ஒல்லியாக இருப்பது காப்பு ஆகாது என்பதை அந்த ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டது.

மெலிந்த உடம்பில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? இதற்கான விடையில் ஒரு பகுதி புனேயில் கிடைத்தது. சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் இருவரும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு அதிகம். புனே கிராமங்களில் சராசரி 2.7 கிலோ எடையோடு பிறந்த குழந்தைகளிடமே இந்த வார்ப்பு தெரிந்ததாக யாக்னிக்கின் குழு எழுதியது. தாய்க்குக் கிடைக்காத சத்துணவின் கணக்கும் இந்த நோயில் சேர்ந்திருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம்.

சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையை வாங்கி வைக்கிற பெரிய இடம் தசை. தசை மெலிந்து, இன்சுலினும் சரியாக வேலை செய்யாதபோது மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலைச் சுற்றிவிட்டு வருவதுதான். குடலில் நடப்பதெல்லாம் முதலில் கல்லீரலையே தொடுகிறது. அதனால்தான் இன்று குடல் நுண்ணுயிரிகளைப் பற்றிய ஆராய்ச்சியும் கல்லீரல் ஆராய்ச்சியும் கைகோத்து நடக்கின்றன. சவுத்ரி பணியாற்றிய கொல்கத்தா அரசு மருத்துவமனைத் துறையின் பெயரிலும் சீரண மண்டலமும் கல்லீரலும் சேர்ந்தே இருக்கின்றன.

வலி இல்லை, காமாலை இல்லை, பசி குறையவில்லை. பல ஆண்டுகள் இப்படியே போகும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'கிரேட் ஒன்' கொழுப்பு என்று எழுதி வரும்போது, ஒல்லியானவரைப் பார்த்து 'ஒன்றுமில்லை, போங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். முற்றிய பின் வருகிறவரிடமோ முதல் கேள்வி, 'குடிப்பீங்களா?' வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத ஒரு விவசாயியை அந்தக் கேள்வி எப்படிச் சுடும்!

ஆறுதலான செய்தியும் உண்டு. ஹாங்காங்கில் நடந்த ஒரு ஆய்வில், பருமன் இல்லாத நோயாளிகளில் பாதிப்பேருக்கு உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்ததுமே கல்லீரல் கொழுப்பு கரைந்தது. பருத்தவர்களுக்கு 7 முதல் 10 சதவீதம் குறைய வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து கிலோ உள்ளவருக்கு இரண்டு, மூன்று கிலோதான். 2024-இல் இந்த நோய்க்கென்றே ரெஸ்மெடிரோம் என்ற முதல் மாத்திரைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. தழும்பு கட்டிய, ஆனால் சிரோசிஸ் வராத கல்லீரலுக்கானது அது. உணவும் நடையும் அதற்குப் பின்னும் தேவைதான்.

இதையெல்லாம் கிராமத்தாரிடம் யார் சொல்வது? என் பார்வையில் சவுத்ரியின் துணிச்சல் அதிகம் வெளிப்பட்டது இந்தக் கேள்வியில்தான். பிர்பூமில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் அவர் முதலில் போவது பட்டம் பெறாத ஊர் வைத்தியரிடம். அவர்களைப் 'போலி' என்று ஒதுக்காமல், சவுத்ரி முன்னின்று உருவாக்கிய லிவர் ஃபவுண்டேஷன் ஒன்பது மாதங்கள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. மருத்துவர் சங்கங்கள் இத்தகைய பயிற்சியைக் கடுமையாக எதிர்த்தன. பலன் இருந்ததா என்பதைச் சவுத்ரி, பின்னாளில் நோபல் பெற்ற பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோருடன் சேர்ந்து அளந்து, 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். நோயாளியை விசாரித்துச் சரியாகக் கையாளும் திறன் கூடியிருந்தது. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் மட்டும் குறையவில்லை. அந்தத் தோல்வியையும் மறைக்காமல் எழுதினார்கள்.

2021-இல் மத்திய அரசு, கல்லீரல் கொழுப்பு நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. அந்தத் திட்டம் இடுப்புச் சுற்றளவையும் ரத்தச் சர்க்கரையையும் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்தால், பிர்பூமில் கண்டெடுத்தது போன்றவர்கள் சல்லடையில் நிற்காமல் விழுந்துவிடுவார்கள். வருமானம் கூடினால் இந்நோயின் ஆபத்தும் கூடுகிறது என்பதும் அந்த 2010 ஆய்விலேயே இருக்கிறது. அந்த 8.7 சதவீதம் 2010-க்கு முன் எடுத்த கணக்கு. ஊர்களுக்குக் காசும் பாக்கெட் தீனியும் இருசக்கர வண்டியும் வந்து சேர்ந்துவிட்ட இந்நாளில், அதே வீடுகளுக்கு ஸ்கேன் கருவியோடு இன்னொரு முறை போக வேண்டும். மற்ற மாநிலங்களின் கிராமங்களுக்கும் போக வேண்டும்.