ஹெச்.ஆர். சார்... உங்களுக்கு ஒரு டிரெயினிங்!

தேர்டு இயர் இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு காலேஜ்ல ஒரு எக்ஸ்ட்ரா போஸ்ட்டிங்கும் உண்டு. பிளேஸ்மென்ட் வாலன்ட்டியர்! பந்தா பார்ட்டினு நினைச்சுடாதீங்க. வர்ற ஹெச்.ஆர். டீமுக்கு வாட்டர் பாட்டில் வைக்கிறது, புரொஜெக்டர் கேபிளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது, சமோசா ஆறிடாம பார்த்துக்கிறது... இவ்வளவுதான் நம்ம வேலை. ஆனா, அந்த ரூமுக்குள்ள நின்னதால ரெண்டு காட்சி கண்ணுல பட்டுச்சு.

காட்சி ஒன்று: ஹெச்.ஆர். மேடம் லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல் ஷீட்ல ஃபில்டர் போட்டாங்க. டென்த், ப்ளஸ் டூ, டிகிரி... மூணுலயும் 60 பர்சென்ட். ஒரே ஒரு கிளிக். லிஸ்ட்ல பாதிப் பேர் காணாமப் போயிட்டாங்க. அதுல, லேப்ல யாருக்கு எந்த மெஷின் மக்கர் பண்ணாலும் நாங்க முதல்ல தேடுற எங்க கிளாஸ் பையனும் ஒருத்தன்!

காட்சி இரண்டு: அதே நாள், அதே ஹால். திடீர்னு ஏ.சி. மண்டையைப் போட்டுடுச்சு. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு போன் பண்ணா, வந்து நின்னது எங்க தெரு அண்ணன். அரை மணி நேரம்தான், ஹால் ஜில்லுனு ஆயிடுச்சு. என்ன கோளாறு, மறுபடி வராம இருக்க என்ன செய்யணும்னு மேடத்துக்குப் புரியுற மாதிரி விளக்கம் வேற! "நல்லா எக்ஸ்ப்ளெயின் பண்றாரேப்பா... எங்கே படிச்சாராம்?"னு என்கிட்ட கேட்டாங்க.

"கம்யூனிட்டி காலேஜ் மேடம். ஏ.சி. மெக்கானிக் டிப்ளமோ."

"கம்யூனிட்டி காலேஜா? எந்த கம்யூனிட்டி? ஏதாவது சங்கம் நடத்துற காலேஜாப்பா?"

சிரிப்பும் வந்துச்சு, சங்கடமாவும் இருந்துச்சு. தப்பு அவங்க மேல இல்லை. நம்ம ஊர்ல 'கம்யூனிட்டி'ன்னாலே தாலுகா ஆபீஸ் சர்ட்டிஃபிகேட்தானே ஞாபகத்துக்கு வரும்!

டூல்ஸைப் பையில் போட்டபடியே அண்ணன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "ஒரு பெரிய கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணேன் தம்பி. 'டிப்ளமோ'னு கிளிக் பண்ணா, எந்த பாலிடெக்னிக்னு கேக்குது. லிஸ்ட்ல எங்க காலேஜ் இல்லை. அதைத் தாண்டி அந்தப் பக்கம் நகரவே மாட்டேங்குது!"

படிச்சவர் ரெடி, வேலையும் ரெடி. நடுவுல நிக்கிறது ஒரு ஃபார்ம். அப்போ டிரெயினிங் யாருக்குத் தேவை பாஸ்?

இது என்ன காலேஜ்?

தமிழ்ல அழகா 'சமுதாயக் கல்லூரி'ம்பாங்க. ஐடியா அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இன்னிக்கும் ஓடிட்டிருக்கிற மிகப் பழைய அரசு கம்யூனிட்டி காலேஜ், 1901-ல் ஆரம்பிச்ச ஜோலியட் ஜூனியர் காலேஜ். வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைஞ்ச ஃபீஸ்ல, ரெண்டு வருஷப் படிப்பு. இந்தியாவில் முதல் கம்யூனிட்டி காலேஜை 1995-ல் ஆரம்பிச்சது நம்ம பக்கத்து வீடான பாண்டிச்சேரி பல்கலைக்கழகம். அடுத்த வருஷமே சென்னையிலும் ஒண்ணு வந்தது. 2009-ல் இக்னோ, 2013-ல் யு.ஜி.சி. எனத் தனித்தனித் திட்டங்களும் வந்தன.

1999-ல் சென்னையில் தொடங்கின சமுதாயக் கல்வி ஆய்வு மையம் வகுத்த பாடத்திட்டத்தைப் பார்த்தப்போ, இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டான எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி, வேலைக்குத் தயாராவதுனு நாலு பகுதி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவங்க, வேலைக்குப் போயிட்டே படிக்கிறவங்க, கல்யாணத்துக்கு அப்புறம் மறுபடி படிக்க நினைக்கிற அக்காக்கள்... இவங்களை மனசுல வெச்சே உருவாக்கின படிப்பு. இன்டர்ன்ஷிப்னு பேருக்கு ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கி பைண்டிங் பண்ணி வைக்கிற நாம, இதுல கத்துக்க நிறைய இருக்கு!

ஃபில்டர் பண்ற தப்பு!

'கம்பெனிக்குத் தகுதியான ஆள் வேணும், அதனாலதான் ஃபில்டர்'னு ஹெச்.ஆர். தரப்பில் சொல்வாங்க. நியாயம்தான். ஆயிரக்கணக்கில் ரெஸ்யூமே வந்து குவிஞ்சா ஒருத்தர் எவ்வளவுதான் படிப்பார்? ஆனா, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்கள்கிட்ட கேட்டதில், 88 சதவிகிதம் பேர் ஒரு உண்மையை ஒப்புக்கிட்டாங்க. விளம்பரத்தில் போட்ட நிபந்தனைக்கு அச்சு அசலாப் பொருந்தலைங்கிற ஒரே காரணத்தால, தகுதியான ஆட்களையே எங்க சிஸ்டம் வெளியே தள்ளுதுன்னு!

இதே கேள்வி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. வடக்கு கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம், நல்ல பிரிவுகளுக்கு மாறணும்னா ஹைஸ்கூல் சர்ட்டிஃபிகேட் வேணும்னு விதி வெச்சிருந்தது. அதனால் பெரும்பாலும் வெளியே நின்னது கறுப்பினத் தொழிலாளர்கள். ஆனா, அந்த விதிக்கு முன்னாடியே சேர்ந்தவங்க சர்ட்டிஃபிகேட் இல்லாமலே அந்த வேலைகளை நல்லாத்தான் செஞ்சுட்டிருந்தாங்க. 1971-ல் தீர்ப்பு வந்துச்சு: இப்படிச் சிலரை வெளியே நிறுத்துற தகுதிக்கும், செய்யப்போற வேலைக்கும் சம்பந்தம் இருந்தே ஆகணும்!

சரி, 'டிகிரி கட்டாயம்'கிற வரியை எடுத்துட்டா பிரச்னை ஓவரா? இல்லைங்க. பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிட்யூட்டும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் 2024-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சொல்றதைக் கேளுங்க. பல அமெரிக்க நிறுவனங்கள் அந்த வரியைப் பெருமையா நீக்கின பிறகும், அதனால கூடுதலா வேலை கிடைச்சது 700 பேரை எடுத்தா அதுல ஒருத்தருக்குக்கூட இல்லை. விளம்பரம் மாறிடுச்சு. ரெஸ்யூமேவைப் பார்க்கிற கண்ணு மாறலை. டிரெயினிங் வேணும்னு நான் சொல்றது அந்தக் கண்ணுக்குத்தான்!

கென்டக்கி கத்துக்கொடுத்த பாடம்

மாத்திக் காட்டினவங்களும் இருக்காங்க. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டொயோட்டா தொழிற்சாலையும், பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜும் சேர்ந்து 2010-ல் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பேரே சூப்பர்... 'ஃபேம்'. வாரத்துல ரெண்டு நாள் கிளாஸ், மூணு நாள் ஃபேக்டரியில் சம்பளத்தோட வேலை. அஞ்சு செமஸ்டர்ல படிப்பு முடியும். அப்புறம் மத்த நிறுவனங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. 2020-ல் வெளியான ஒரு ஆய்வுப்படி, இதில் சேர்ந்தவங்கள்ல சுமார் 80 சதவிகிதம் பேர் படிப்பை முடிச்சிருக்காங்க.

இதுல ஹெச்.ஆருக்கு என்ன பாடம்? அங்கே கம்பெனி ஆட்கள் கடைசி செமஸ்டர்ல கோட் சூட்டோட வந்து இறங்கலை. படிப்பு ஆரம்பிக்கும்போதே வந்தாங்க. தங்களுக்கு வேண்டிய ஸ்டூடன்ட்டை அவங்களே இன்டர்வியூ பண்ணிச் சேர்த்துக்கிட்டாங்க. பாடத்துல என்ன இருக்கணும்னும் சொன்னாங்க. அஞ்சு செமஸ்டர் கூடவே வேலை பார்த்த பையனை ஜட்ஜ் பண்ண பத்து நிமிஷ குரூப் டிஸ்கஷன் எதுக்கு?

நம்ம ஊர்லயும் இதுக்குப் பாதை இருக்கு. 1961-ம் வருஷ அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் 2019-ல் திருத்தின விதிப்படி, 30 பேரோ அதுக்கு மேலோ இருக்கிற நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை அப்ரன்டிஸ் எடுத்தாகணும். 'ஆப்ஷனல் டிரேட்'னு ஒரு பிரிவில் கம்பெனியே தன் தேவைக்கு ஏத்த பயிற்சியை வடிவமைக்கலாம். கதவு இருக்கு. தட்டிப் பார்க்க ஹெச்.ஆருக்கு அட்ரஸ் தெரியணும், அவ்வளவுதான்!

ஹெச்.ஆர். அண்ணா, அக்காக்களுக்கு நம்ம சிலபஸ்!

யூனிட் 1: ஒரு நாள் கம்யூனிட்டி காலேஜுக்கு நேர்ல போங்க. பிராக்டிகல் கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல உட்காருங்க. சமோசா எதிர்பார்க்காதீங்க!

யூனிட் 2: வேலை விளம்பரத்தில் 'எனி டிகிரி'னு எழுதுறதுக்கு முன்னாடி, அந்த ஆள் திங்கட்கிழமை காலையில் வந்து என்ன செய்யப்போறார்னு அஞ்சு வரி எழுதுங்க. அதுக்கு டிகிரி தேவையானு அந்த வேலையைப் பார்க்கிற சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க.

யூனிட் 3: சர்ட்டிஃபிகேட்டைப் படிக்கக் கத்துக்கங்க. தேசிய திறன் தகுதிக் கட்டமைப்புனு ஒண்ணு 2013-ல் வந்துச்சு. 2023-ல் திருத்தி 8 லெவலாக்கினாங்க. சர்ட்டிஃபிகேட்ல அந்த லெவல் போட்டிருந்தா, காலேஜ் பேர் தெரியலைன்னாலும் படிப்போட கனம் தெரிஞ்சுடும்.

யூனிட் 4: 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'க்கு பதிலா ஒரு ரிப்பேர் வேலையைக் கையில் கொடுங்க. இங்கிலீஷ் தடுமாறலாம், ஸ்பேனர் தடுமாறாது!

யூனிட் 5: ஆன்லைன் ஃபார்மை நீங்களே ஒரு தடவை கம்யூனிட்டி காலேஜ் ஸ்டூடன்ட்டா நினைச்சு ஃபில்லப் பண்ணிப் பாருங்க. எந்தப் பக்கத்துல மாட்டிக்கிறீங்கன்னு தெரியும்.

யூனிட் 6: எடுத்த பிறகு ஒரு வருஷம் கணக்கு வைங்க. யார் தங்கினாங்க, யார் கிளம்பினாங்க? அடுத்த வருஷம் பாஸ்கிட்ட பேசுறதுக்கு அந்த ஒரு பேப்பர் போதும்.

அன்னிக்கு சாயங்காலம் கிளம்பும்போது மேடம் என்கிட்ட அந்த காலேஜ் பேரைக் கேட்டு டைரியில் எழுதிக்கிட்டாங்க. "எங்க பில்டிங்குக்கும் மெயின்டனன்ஸ் ஆள் வேணும்ப்பா. ஆனா, எங்க ஃபார்ம்லயும் அந்த காலேஜ் இருக்குமானு தெரியலையே..."னு அவங்களே யோசிச்சாங்க. யூனிட் 5 தன்னால ஸ்டார்ட் ஆயிடுச்சு!

அண்ணன் இன்னும் கான்ட்ராக்ட்லதான் இருக்கார். அடுத்த வருஷம் அந்த எக்ஸெல் ஷீட்ல நானும் ஒரு வரியா இருப்பேன். தப்பிப்பேனா, தெரியாது. ஆனா ஃப்ரெண்ட்ஸ், இன்னும் பத்து வருஷத்துல நம்மள்ல பல பேர் டீம் லீடர், மேனேஜர்னு எதிர்ப்பக்க சேர்ல உட்கார்ந்திருப்போம். மவுஸ் நம்ம கையில இருக்கும். அந்த ஒரு கிளிக்குக்கு முன்னாடி, ஏ.சி. காத்து முகத்துல பட்டா, அதை ரிப்பேர் பண்ணவரை ஒரு செகண்ட் நினைச்சுக்குவோமா?