விலை குறைந்த கணினியும் அதன் ஆயுளும்

2007ஆம் ஆண்டு அசுஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையும் லினக்ஸ் இயங்குதளமும் கொண்ட ‘ஈ பிசி’ என்னும் சிறு கணினியை வெளியிட்டது. ‘நெட்புக்’ எனப்பட்ட இவ்வகைக் கருவிகள் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தன. ஆயினும், குறைந்த விலைக் கணினியைக் கொண்டு வீட்டிலிருந்தே அலுவல் புரிய இயலுமா என்னும் வினா இன்றும் நிலவுகிறது.

விண்டோஸ் 11 இயங்குவதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் குறைந்தபட்சத் தேவைகளாகும். இவ்வளவே உள்ள கருவியில் காணொலிக் கூட்டமும் விரிதாளும் ஒருங்கே இயங்கும்போது வேகம் தளரும். எனவே 8 ஜிபி நினைவகமே ஏற்றது. மலிவான கருவிகள் பலவற்றில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது என்பதும் கருதத்தக்கது.

பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்ட கணினி, பழுதின்றி இருப்பினும் அலுவலுக்கு உகந்ததன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11க்குத் தகுதிபெறாத பழைய கருவிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வளிக்கும். பெரும்பாலும் உரிமக் கட்டணமும் இல்லை. சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இந்திய மொழிகளுக்கும் இடமளிக்கிறது. குரோம்புக் கருவிகளுக்கோ, திருத்தங்கள் கிடைக்கும் காலம் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அவ்வகை வெளியான காலத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது.

ஆகவே, அலுவலக மென்பொருள் எந்த இயங்குதளத்தில் இயங்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அடுத்து, விலையை எஞ்சிய ஆயுளால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டாண்டு உழைக்கும் 14,000 ரூபாய்க் கருவிக்கு ஆண்டுச் செலவு 7,000 ரூபாய். ஐந்தாண்டு உழைக்கும் 25,000 ரூபாய்க் கருவிக்கோ 5,000 ரூபாயே. குறைந்த வருவாயினருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.